லீச்சிங்: பொசிவா, கழுவலா, இறக்கமா?

கிளிநொச்சி, திங்கள்

மடல்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். காலபோகத்துக்கு (மாரி மழைப் பயிர்க்காலத்துக்கு) முன்னர் கமக்கார அமைப்புகளுக்குக் கொடுக்க 16 பக்கக் கைந்நூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன்: லீச்சிங். போட்ட பசளை கரைந்து, மழைத் தண்ணீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறதே, அது. போன வருடக் கைந்நூலில் 'அரிப்பு' என்று போட்டேன். வகுப்பில் ஒரு ஐயா எழும்பி, "பிள்ளை, என்ர காணி தட்டை. வரம்பும் கட்டியிருக்கு. எங்கை அரிக்குது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அரிப்பில் மண்ணே போகிறது. இதில் மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சத்து மட்டும் போகிறது. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

மாங்குளம், திங்கள்

பிள்ளை, சொல் ஏற்கனவே இருக்கிறது. பொசிவு. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வயல், வாய்க்கால், தண்ணீர் எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. கசிவு என்று போட்டுவிட வேண்டாம். கசிவது வெளியே தெரியும், பொசிவது உள்ளுக்குள் நடக்கும். 'பொ' என்று தொடங்கும் சொற்களைப் பாருங்கள்: பொள்ளல், பொந்து, பொத்தல், பொக்கை. எல்லாவற்றிலும் உள்ளே வெறுமை. பொய் என்பதும் அப்படித்தான், உள்ளீடு இல்லாத பேச்சு. பொரி, பொருக்கு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

தஞ்சாவூர், செவ்வாய்

ஐயா, பொய் வரைக்கும் வந்துவிட்டோம், டீச்சரின் உரம் இன்னும் வயலிலேயே கிடக்கிறது. பொசிந்த தண்ணீரால் புல்லாவது பிழைத்தது. இங்கே போகிற சத்து யாருக்கும் உதவாமல் போகிறது. நன்மையைச் சொன்ன சொல்லை நட்டத்துக்கு வைக்கலாமா? அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள்: 'பசளை' வேண்டாம், 'உரம்' என்று போடுங்கள். எங்கள் பக்கம் பசலை என்றால் ஒன்று கீரை, இல்லையென்றால் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறம்.

மல்லாவி, செவ்வாய்

கைந்நூல் வாசிக்கப்போவது துணுக்காயிலும் மல்லாவியிலும். இங்கே கடைப்பலகையிலும் பசளைதான், மூட்டையைக் கேட்கும் வாயிலும் பசளைதான். உரத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பசலை பற்றிச் சொன்னது பிடித்துக்கொண்டது. நைதரசன் (நைட்ரஜன்) குறைந்த பயிருக்கு வருவதும் அதே பசலைதானே! கீழ் இலையில் தொடங்கி மஞ்சள் மேலே ஏறும். குருத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிழட்டு இலை வெளிறிப்போகும். மன்னிக்கவும், தலைப்பை விட்டு விலகிவிட்டேன்.

வவுனியா, புதன்

மண்ணியல் படிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. யூரியாவை மண் பிடித்துவைக்காது, தண்ணீர் போகும் பக்கம் போகும். சில நாளில் அது அமோனியமாக மாறும். களித் துணிக்கைக்கு மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்), அமோனியத்துக்கு நேரேற்றம், ஆகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்று (நைட்ரேட்) ஆக்கிவிடும். அதற்கும் மறையேற்றம், மண்ணுக்கும் மறையேற்றம். பிடி விட்டுப்போகும், அடுத்த மழையோடு கீழே. தண்ணீர் நிற்கும் நெல்வயலில் நைத்திரேற்று அதிகம் உண்டாகாது. அங்கே நைதரசன் பெரும்பாலும் வளியாகத்தான் போகிறது. நாம் தேடும் சொல்லுக்கு உண்மையான இடம் மேட்டுநிலம்: மணல் தரையில் கச்சான் (நிலக்கடலை), மிளகாய். பொசுபரசு (பாஸ்பரஸ்) வேறு கதை. அது மண்ணோடு ஒட்டியே இருக்கும், மண் அரிபட்டால் அதோடு குளத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். அந்த இடத்தில் 'அரிப்பு' சரி. நமக்கு வேண்டியது கரைந்த நிலையையும் கீழ்நோக்கிய போக்கையும் சேர்த்துச் சொல்லும் சொல். 'கரைந்திறக்கம்' என்றால் என்ன?

கிளிநொச்சி, புதன்

தம்பி, சொல் நல்லது. ஒரு சிக்கல். எங்கள் வகுப்புக் குறிப்பில் நைத்திரேற்று வளியாகி ஆகாயத்துக்குப் போவதற்கு 'நைதரசனிறக்கம்' என்று இருக்கிறது. மேலே போவதும் இறக்கம், கீழே போவதும் இறக்கமா? பெடியள் சிரிப்பார்கள்.

முழங்காவில், புதன் இரவு

நான் தோட்டக்காரன், இலக்கணம் தெரியாது. 2021இல் பசளை இறக்குமதியை நிறுத்தின வருடம், தெரிந்த ஒருவரிடம் கெஞ்சி அரை மூட்டை யூரியா வாங்கினேன். என்ன விலை என்று கேட்காதீர்கள். பின்னேரம் மிளகாய்க் கன்றுகளுக்கு ஒவ்வொரு பிடியாக வைத்தேன், மனுசி அரிக்கன் லாம்பு பிடித்தா. அன்றிரவு பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு உடையவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் நிலத்தில் நிற்கவும் இல்லை. மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. பத்தாம் நாள் கன்று மஞ்சள். அப்பு வந்து பார்த்துவிட்டு, "கழுவுண்டு போச்சு" என்றார். எங்களுக்கு அதுதான் சொல். ஒன்றாய்க் கொட்டாமல் பிரித்துப் போடு, மழைக்குறி பார்த்துப் போடு என்று கைந்நூலில் இருக்கிறதா? அதைப் பெரிய எழுத்தில் போடுங்கோ அக்கா.

மாங்குளம், வியாழன்

தம்பி, வாசித்து மனம் கனத்துப்போனது. இருந்தாலும் கழுவுதல் செயப்படுபொருள் குன்றாவினை. கழுவியது யார்?

முழங்காவில், வியாழன்

மழை, மாஸ்டர்.

மாங்குளம், வியாழன்

சரி. யோசித்தால் உங்கள் அப்பு சொன்னதில் பிழையே இல்லை. கட்டுண்டு, அடியுண்டு போல 'உண்' சேர்ந்த செயப்பாட்டுவினை. நாங்கள் புத்தகத்தில் தேடுவது அவர் வாயில் இருந்திருக்கிறது. ஆனால் பெயர்ச்சொல் ஆக்கினால் 'கழுவுணல்' என்று வரும். அதை அச்சில் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தஞ்சாவூர், வியாழன்

கழுவுணல் என்று படித்ததும் ஏதோ சாப்பாட்டு வகை என்று நினைத்தேன். 'வடிவிழப்பு' எப்படி? சோறு வடிக்கும்போது சத்தெல்லாம் கஞ்சியோடு போகிறதே, அதே சங்கதிதான்.

மல்லாவி, வியாழன்

வடிவு என்றால் இங்கே அழகு. வடிவிழப்பு என்று தலைப்புப் போட்டால் முகத்துக்குப் பூசுகிற கிறீம் விளம்பரம் என்று நினைப்பார்கள். கரைந்திறக்கத்துக்கு என் கையைத் தூக்குகிறேன், களைத்துப்போனேன்.

கிளிநொச்சி, வியாழன் இரவு

அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார்கள். கரைந்திறக்கத்துக்கு நாலு பேர், பொசிவுக்கு ஒருவர். தலைப்பில் 'கரைந்திறக்கம்', கீழே முதல் வரி "போட்ட பசளை மழையில் கழுவுண்டு நிலத்துக்குக் கீழே போவது". முழங்காவில் அண்ணை கேட்டதை 9ஆம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன். நைதரசனிறக்கத்தை எடுத்துவிட்டு 'வளியாய்ப் போவது' என்று மாற்றிவிட்டேன். தயவுசெய்து அதைப் பற்றி யாரும் எழுதவேண்டாம்.

மாங்குளம், வெள்ளி அதிகாலை

எழுதவில்லை. பதிவில் இருக்கட்டும் என்று மட்டும்: பொசிவு. பொருக்கு பற்றிய மடல் தனியே வருகிறது.