இல்லினாயில் மருத்துவக் கஞ்சா அட்டை: கிரீன் கார்டு இருப்பவர்கள் யாராவது எடுத்திருக்கிறீர்களா?

வணக்கம். சிகாகோ பக்கம் இருக்கிறோம். அப்பா கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். கீமோவால் ஓயாத குமட்டல், ஒரு இட்லி இறங்குவதே பாடு. கஞ்சாவை மருந்தாக வாங்க மாநிலம் தரும் அட்டைக்குச் சான்று எழுதித் தருவதாக டாக்டர் சொல்கிறார். (அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!)

மாநிலச் சட்டம் ஓரளவு புரிகிறது. 2020 ஜனவரி 1 முதல் 21 வயதானவர் யாரும் உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். இங்கு வசிப்பவர் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், வெளிமாநிலத்தாருக்குப் பாதி. அட்டை இல்லாவிட்டால் சரக்கின் வீரியத்தைப் பொறுத்து 10 முதல் 25 சதவீதம் வரை தனி வரி, விற்பனை வரி வேறு. அட்டைக்காரர்களுக்கு அந்தத் தனி வரி இல்லை. வீட்டில் 5 செடி வளர்க்கவும் அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

சரி, சிக்கல் எங்கே என்றால் மத்திய அரசின் குடியேற்றத் துறையில். மாநிலம் அனுமதித்தாலும், கஞ்சா பயன்பாடு குடியுரிமைக்கான 'நன்னடத்தை' நிபந்தனையில் இடிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறார்கள். அப்பா அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்.

இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? குடியேற்ற வழக்கறிஞர் என்ன சொன்னார்? அப்புறம், கீமோ குமட்டலுக்கு எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) அனுமதித்த ட்ரோனாபினால் மாத்திரை, அதாவது கஞ்சாவில் உள்ள வேதிப்பொருளைச் செயற்கையாகத் தயாரித்தது, இருக்கிறதே, சாதாரண மருந்துக் கடையிலேயே சீட்டுக்குக் கிடைப்பது. அது யாருக்காவது கேட்டதா? வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.