எமிஸில் இருக்கும் விவரத்தையே வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வி: ஈராசிரியர் பள்ளி டீச்சர்

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒன்று முதல் மூன்று வரை என் வகுப்பு. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பார்க்கிறார்.

எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில், வருகை போடுவதில் எனக்குக் குறையில்லை. நெட்வொர்க் கிடைத்தால் சட்டென முடிந்துவிடும். என் சிக்கல் வாட்ஸ்அப் படிவங்கள். "மிக அவசரம், பகல் 12 மணிக்குள்" என்று ஒரு கூகுள் ஷீட் வரும். திறந்தால் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், இனம், பெற்றோர் கைபேசி, வங்கிக் கணக்கு. எல்லாமே எமிஸில் நாங்களே ஏற்றியவை. சில நாள் கழித்து அதே விவரம், கட்டங்கள் மட்டும் இடம் மாறி, வேறொரு பிரிவிலிருந்து வரும்.

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றலின் மூன்று நிலையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலர் பிள்ளைகள் பயிற்சி நூலை வைத்துக்கொண்டு தாமாகச் செய்வார்கள். அரும்பு பிள்ளைகளுக்கு அது முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்துக் காட்டி, 'ட' வேறு 'ப' வேறு என்று சொல்ல ஆள் வேண்டும். படிவத்துக்குப் போவது அவர்களுடைய நேரம்தான். யாரிடம், எப்படிக் கேட்டால் இது குறையும்?

பதில்: பட்டதாரி ஆசிரியர்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27-ஐக் காட்டுங்கள் டீச்சர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது.

பதில்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்

தம்பி சொல்லும் பிரிவு சரிதான். ஆனால் இதற்கு அது கைகொடுக்காதும்மா. மாணவர் விவரம் தருவது பள்ளி வேலைதானே என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தனியாக மறுத்தால் 17(ஏ) ஒழுங்கு நடவடிக்கை மெமோதான் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டத்தில். ஒரு மாதம் வந்த படிவங்களை எல்லாம் அச்செடுத்து, எமிஸில் ஏற்கெனவே உள்ள கட்டங்களைச் சிவப்பில் கோடிட்டு, எல்லாத் தலைமை ஆசிரியர்களும் சேர்ந்து வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: எமிஸில் இருப்பதை அலுவலகமே பதிவிறக்கிக்கொள்ளட்டும், இல்லாததை மட்டும் பள்ளியிடம் கேட்கட்டும். பொதுவாக "பணிச்சுமை" என்று எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். கோடிட்ட தாள் கண்முன் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில்: கணினி ஆய்வகப் பணியாளர்

இன்னொன்றும் சேருங்கள். அந்த ஷீட்டின் இணைப்பு கையில் உள்ள யாரும் ஒன்றியத்தின் எல்லாப் பிள்ளைகளின் ஆதார் எண்ணையும் பார்க்கலாம். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டம் 2016, பிரிவு 29 தடுக்கிறது. பணிச்சுமையைத் தள்ளிப்போடும் அதிகாரிகூட இதைத் தள்ளிப்போட யோசிப்பார்.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. ஆதார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதையே மனுவில் முதலில் வைக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியரும் சரி என்றுவிட்டார், படிவங்களை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டோம். வேறு ஒன்றியத்தில் யாராவது இப்படி மனு கொடுத்திருந்தால் அதன் வாசகத்தை இங்கே போடுங்கள்.