தூணுக்கும் தேசிங்கு ராஜாவுக்கும் என்ன சம்பந்தம்?

மஞ்சக்குப்பத்தான்:
நேற்று மாலை புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேலத்துப் பேச்சு பேசிய ஒரு குடும்பத்துக்கு ஓர் இளைஞர் சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களைக் காட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் தேசிங்கு ராஜா அரண்மனைத் தூண்கள். அவர் கட்டியதுதான் செஞ்சிக்கோட்டை. நீண்ட காலம் ஆண்டார்" என்று ஒரே அளப்பு. எனக்குச் சுண்டல் இறங்கவில்லை. ஐயா, தேசிங்கு செஞ்சியில் இருந்தது பத்து மாதம். பத்தே மாதம்! அதற்குள் ஒரு மாட்டுக்கொட்டகைகூட உருப்படியாகக் கட்ட முடியாது. அந்தத் தூண்கள் செஞ்சி வெங்கட்ரமணர் கோயிலில் இருந்தவை, நாயக்கர் காலத்து வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து தங்கள் ஆளுநர் டூப்ளே சிலையைச் சுற்றி நட்டார்கள். பிறகு அந்த இடத்துக்குக் காந்தி வந்தார். தேசிங்கு எங்கே வந்தார் இதில்?

லாஸ்பேட்டை லாந்தர்:
அந்த இளைஞர் நான்தான். சேலத்துக் குடும்பம் என் அத்தை வீடு. "நீண்ட காலமாக மக்கள் மனதில் இருக்கும் ராஜா" என்றேன். "நீண்ட காலம் ஆண்டார்" என்று சொல்லவே இல்லை. அலைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். மீதியை நீங்களே நிரப்பிக்கொண்டீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
என் காது நன்றாகவே கேட்கும் தம்பி. சரி, அரண்மனைத் தூண் என்று சொன்னீர்களா இல்லையா?

லாஸ்பேட்டை லாந்தர்:
செஞ்சியிலிருந்து வந்த தூண் என்றேன். செஞ்சி என்றால் தேசிங்கு. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மஞ்சக்குப்பத்தான்:
அதைத்தான் சொல்கிறேன். செஞ்சி என்றால் தேசிங்கு என்று யார் சொன்னது? கோனார்கள் கோட்டையைத் தொடங்கினார்கள் என்பது பழைய வழக்கு. நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது, 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது மொகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டார்கள். எட்டு வருட முற்றுகையை ஒருத்தரும் பாடவில்லை, பத்து மாதத்தைப் பாடுகிறார்கள்! ஔரங்கசீப் காலத்தில் சொரூப் சிங் கில்லேதாராக, அதாவது கோட்டை அதிகாரியாக வந்தார். அவர் மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. புந்தேல்கண்டிலிருந்து அப்பா இறந்த சேதி கேட்டு வந்த பையன். ராஜாவே அல்ல, கோட்டை அதிகாரி மகன்.

செஞ்சிக்காரன்:
இதற்காகவே உள்ளே வருகிறேன். வேலைக்காகப் பத்து வருடமாகப் புதுச்சேரியில் இருக்கிறேன், சொந்த ஊர் செஞ்சி. எங்கள் ஊர்க் கூத்தில் தேசிங்கு வேடம் கட்டி வந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். உங்கள் கில்லேதாரின் மகனுக்காகத்தான். இருபத்திரண்டு வயதில், சில நூறு குதிரைக்காரர்களோடு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படைக்கு எதிரே போய் நின்றவர். சிங்கவரம் ரங்கநாதர் "போகாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதை. இன்றைக்கும் கோயிலுக்கு வருகிறவர்களிடம் அந்த முகத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். உங்களுக்கு எந்தச் சாமி முகம் திருப்பியது?

மஞ்சக்குப்பத்தான்:
பத்து மாதம் ஆண்டவருக்காகச் சாமி முகம் திருப்பியது. நல்லது.

செஞ்சிக்காரன்:
பத்து மாதம் பத்து மாதம் என்கிறீர்களே, அதுவாவது சரியா? 1714 அக்டோபர் 3 அன்று போரில் இறந்தார். அப்பா இறந்தது 1714 தொடக்கத்தில் என்றால் விரலை மடக்கிப் பாருங்கள், ஒன்பது மாதம். புந்தேல்கண்டிலிருந்து வந்து சேரும் நாளைக் கழித்தால் அதுவும் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
பாருங்கள், எனக்கே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறார். குறைந்துகொண்டே போகிறது! அப்பா இறந்தது 1713 கடைசியில் என்கிறவர்களும் உண்டு. அப்போது பத்து மாதம் சரி. நான் தாராளமாகப் பத்து கொடுத்தேன்.

செஞ்சிக்காரன்:
தாராளம் எல்லாம் வேண்டாம். ஒன்பது என்றால் ஒன்பது.

பாகூர் ஏரிக்கரை:
சண்டை எதற்கு அண்ணே? ராணிப்பேட்டை என்று ஓர் ஊரே அவர் மனைவி நினைவாக இருக்கிறது. கணவரோடு உடன்கட்டை ஏறினார் என்பதற்காக நவாபே மனம் இளகி 1771இல் கட்டினாராம். எதிரியே மரியாதை செய்த குடும்பம்.

மஞ்சக்குப்பத்தான்:
1771? சாதத்துல்லா கான் 1732இல் காலமானார். செத்து முப்பத்தொன்பது வருடம் கழித்து எழுந்து வந்து பாலாற்றங்கரையில் ஊர் கட்டினாரா? முதலில் நூல் கட்டினாரா, கல் நட்டாரா?

பாகூர் ஏரிக்கரை:
எங்கோ படித்ததுதான் ஐயா. வருடம் தப்பாக இருந்தால் ஊர் இல்லாமல் போய்விடுமா? பேருந்து அங்கேதானே நிற்கிறது.

வில்லியனூர் சாந்தி அக்கா:
எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பெண்ணின் பெயர் என்ன? ராணிபாய் என்று போடுகிறார்கள். அது பெயரா, "ராணியம்மா" என்பது போலவா? செட்டிக்குளக் கரையில்தான் தீயில் இறங்கினார் என்று இடத்தைக் காட்டுகிறார்கள். வயதுகூட யாரும் சொல்வதில்லை. குதிரைக்குப் பெயர் இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

செஞ்சிக்காரன்:
குதிரை என்றதும் ஞாபகம் வந்தது. லாந்தர் தம்பி, போன மாதம் நீங்கள் தேசிங்கின் குதிரை நீலவேணி என்று எழுதியிருந்தீர்கள். அது பாராசாரி. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கினார் என்று கதையில் வரும். நீலவேணி அவருடைய சிநேகிதர் மகபத் கானுடையது.

லாஸ்பேட்டை லாந்தர்:
எங்கள் தாத்தா நீலவேணி என்றுதான் சொல்வார். நீலாம்பூண்டி என்று ஊரே இருக்கிறதே, பாராசாரிப்பூண்டியா இருக்கிறது?

செஞ்சிக்காரன்:
தாத்தா எந்த ஊர்க் கூத்து பார்த்தார்?

லாஸ்பேட்டை லாந்தர்:
தாத்தாவை இழுக்காதீர்கள்.

வில்லியனூர் சாந்தி அக்கா:
நான் கேட்டது குதிரை இல்லை.

முத்தியால்பேட்டை:
மகபத் கானைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம். கதைப்படி அவர் வழுதாவூர்க்காரர். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்குப் போய்ச் செத்தவர். புதுச்சேரியிலிருந்து வழுதாவூர் சாலையில் தினமும் போகிறோம், நினைத்துப் பார்க்கிறோமா? தேசிங்கு எங்களுக்கு நெருக்கம் என்றால் அந்த முகமதிய நண்பரால்தான். மஞ்சக்குப்பத்துக் கடலூர்க்காரருக்கு இதெல்லாம் புரியாது.

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் எதற்கு வருகிறது இங்கே? சரி, வந்துவிட்டதால் சொல்கிறேன். உங்கள் தேசிங்கின் அப்பா சொரூப் சிங் 1710இல் எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சேர்ந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளைப் பிடித்துச் செஞ்சியில் அடைத்தார். அதற்கு இரண்டு வருடம் சண்டை, 1712இல்தான் ஓய்ந்தது. வெள்ளைக்காரனுக்கும் கில்லேதாருக்கும் தகராறு, எரிந்தது எங்கள் பக்கத்து ஊர்கள். கடலூர்க்காரனுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பாசம் பொங்காது.

முத்தியால்பேட்டை:
கோட்டை உங்களுடையதா? 1690இல் ராஜாராமிடம் காசு கொடுத்து வாங்கிய கம்பெனியுடையது. பீரங்கி குண்டு விழுந்த இடம் வரை எல்லை என்று சுட்டார்கள். உங்கள் குண்டு உப்பலவாடி ஊர்ப் பேரைப் பார்த்தாலே தெரிகிறது. குண்டு போட்டவன் பக்கம் நின்று பேசுகிறீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
நான் யார் பக்கமும் நிற்கவில்லை. கணக்குப் பக்கம் நிற்கிறேன். பத்து மாதம்.

செஞ்சிக்காரன்:
ஒன்பது.

பாகூர் ஏரிக்கரை:
நவாபுக்கு எழுபது லட்சம் ரூபாய் பாக்கி இருந்ததாமே, அதுதான் சண்டைக்குக் காரணமாம். அப்பா வைத்த கடனுக்குப் பையன் உயிரைக் கொடுத்தான். இப்போது வங்கிக்காரன் வந்தால் நாம் பின்வாசல் வழியாகப் போய்விடுவோம்.

மஞ்சக்குப்பத்தான்:
கடன் மட்டும் இல்லை. ஔரங்கசீப் அப்பாவுக்குக் கொடுத்த பர்மான், அதாவது அரசாணை, தனக்கும் செல்லும் என்றார் தேசிங்கு. பாதுஷா மாறிவிட்டார், புதிதாக அனுமதி வாங்கு என்றார் நவாப். சட்டப்படி பார்த்தால் நவாப் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பிடிவாதத்துக்குப் பெயர் வீரம். வீட்டில் யாராவது வீம்பு பிடித்தால் "பெரிய தேசிங்கு ராஜா என்று நினைப்பா" என்று சும்மாவா கேட்கிறோம்?

செஞ்சிக்காரன்:
நவாபுக்கு வக்காலத்து! ஐயா, வழக்கு ஜெயித்த நவாபுக்கு எத்தனை ஊரில் கூத்து நடக்கிறது? இருநூறு வருடத்துக்கு மேல் பாமர ஜனம் பாடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நாள் ஆண்டார் என்று பார்த்தா பாடினார்கள்?

மஞ்சக்குப்பத்தான்:
பாடட்டும், நானும் சின்ன வயதில் விடிய விடியக் கேட்டு அழுதவன்தான். அதற்காக நாயக்கர் காலத்துத் தூணை அவர் பெயரில் பட்டா போடக் கூடாது. லாந்தர் தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

லாஸ்பேட்டை லாந்தர்:
சொல்லாததை எப்படி ஒத்துக்கொள்வது? "நீண்ட காலமாக" என்றேன். "ஆக" இருந்தது.

மஞ்சக்குப்பத்தான்:
இல்லை.

லாஸ்பேட்டை லாந்தர்:
இருந்தது.

வில்லியனூர் சாந்தி அக்கா:
நான் கிளம்புகிறேன். அரிசி ஊறவைத்துவிட்டு வந்தேன்.

மஞ்சக்குப்பத்தான்:
சரி, நாளை ஐந்தரை மணிக்கு அதே இடத்துக்கு வருகிறேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் காதில் என்ன விழுந்தது என்று அவரே சொல்லட்டும்.

லாஸ்பேட்டை லாந்தர்:
அத்தை காலையில் சேலம் பஸ் ஏறிவிட்டார்.

மஞ்சக்குப்பத்தான்:
வசதியாகப் போயிற்று.