மேடுபள்ளத்தில் முறுகாத ட்ரெய்லர் ஹிட்ச்: யோசனை தேவை

நண்பர்களே, மினி டிராக்டருக்குப் பின்னால் அரை டன் ஏற்றும் இரண்டு சக்கர ட்ரெய்லருக்கு சுழலும் ஹிட்ச் (டிராக்டரையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கி அமைப்பு) செய்கிறோம். சாதாரண கவட்டையும் (U வடிவ இணைப்பு) அதன் குறுக்கே பின்னும் (ஆணி) போட்டால் வண்டி திரும்பும், ஓரளவு ஏறி இறங்கும். ஆனால் வரப்பில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது வரும் முறுக்கு அப்படியே டிராபாருக்கு (ட்ரெய்லரை இழுக்கும் நீளக் கம்பி) போகிறது. கவட்டை ஆணி வளைகிறது, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடுகிறது.

அதனால் கவட்டைக்குப் பின்னால், டிராபாரின் நீளவாக்கில் 40 மி.மீ. தண்டை 150 மி.மீ. நீளக் கனமான குழாய்க்குள் சுழல விடுகிறோம். உள்ளே இரண்டு வெண்கல புஷ் (தண்டு உரசிச் சுழலும் உறை), நடுவில் கிரீஸ் நிப்பிள். இழுவை முழுக்க நுனி நட்டில்தான் விழுகிறது. தண்டு ஆட ஆட சாதாரண நட் கழன்றுவிடும் என்பதால் கேஸில் நட்டும் (தலையில் வெட்டுகள் உள்ள நட்) அது கழலாமல் பூட்ட ஸ்பிளிட் பின்னும், அதற்கு முன் தடித்த வாஷரும். பிரேக் போட்டால் ட்ரெய்லர் முன்னே தள்ளும். அதைத் தாங்க எதிர்முனையில் தண்டில் தோள்பட்டை (தடித்த விளிம்பு) உண்டு.

சேறும் மணலும் புகும் இடத்தில் புஷ் போதுமா, டேப்பர் பேரிங் (கூம்பு உருளைகள் கொண்டது) நல்லதா? மண் புகாமலிருக்க எந்த சீல் தாங்கும்? சுழற்சியைத் தடுக்கும் ஸ்டாப்பர் வைக்க எங்களுக்கு விருப்பமில்லை, அது இருந்தால் ட்ரெய்லர் கவிழும்போது டிராக்டரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஓட்டிப் பார்த்தவர்கள் புஷ் தேய்மானம் பற்றிச் சொன்னால் பெரிய உதவி.