ஸ்டென்ட் வைத்து நாலு மாதம், அப்பா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார்

கடைக்குட்டி:
அப்பாவுக்கு 64 வயது. மாரடைப்பு வந்து, நாலு மாதத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாடி ஏறினால்கூட மூச்சு வாங்குவதில்லை, அதுதான் சிக்கலே. "அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை" என்கிறார். சவரம் செய்யும்போது சின்னக் கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகிறது, எங்கே இடித்தாலும் நீலம் பாரிக்கிறது. அடுத்த வாரம் பல் பிடுங்க வேண்டும், அதைச் சாக்காக வைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் நிறுத்தப் போகிறாராம். நிறுத்தலாமா?

நடைக்காரன்:
தயவுசெய்து விடாதீர்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் விரித்து வைத்த கம்பி வலை. அதன்மேல் உடம்பின் சொந்தப் படலம் வளர்ந்து மூட மாதக்கணக்காகும், அதுவரை ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அந்தக் கம்பியில் ஒட்டி உறையப் பார்க்கும், உறைந்தால் குழாய் திடீரென்று மொத்தமாக அடைத்துக்கொள்ளும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம் இரண்டும் சேர்த்து, அப்புறம் ஒன்று மட்டும். ரத்தக்கசிவு அபாயம் அதிகமென்றால் முன்பே குறைப்பார்கள், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். எனக்கும் ஸ்டென்ட் வைத்த ஆறாம் மாதம் கடைவாய்ப்பல் எடுத்தார்கள், ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லை. பல் மருத்துவர் முதலில் என் இதய மருத்துவரிடம் பேசினார். குழியில் தையல் போட்டு, பஞ்சைக் கடித்தபடி அரைமணி நேரம் உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

மல்லி:
பல் வலிக்கு வீட்டில் கிடக்கும் இபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டும், ஆஸ்பிரின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், அடைப்பை யாரும் எடுக்கவில்லை! பலூனை ஊதி அந்தக் கொழுப்பைச் சுவரோடு அழுத்தி வைத்திருக்கிறார்கள். அது அங்கேயேதான் இருக்கிறது, மற்றக் குழாய்களிலும் இருக்கலாம். அது வெடிக்காமல் பார்த்துக்கொள்வது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை. என் அம்மாவுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள்.

நடைக்காரன்:
நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் கொடுத்திருக்கிறார்களா? நெஞ்சு இறுக்கினால் உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்க வேண்டும், 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ்தான். மாத்திரையை வந்த பாட்டிலிலேயே வையுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும்.

கடைக்குட்டி:
அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "சுவரோடு அழுத்தி" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படி என்றார். காலையில் இதய மருத்துவரிடம் பேசுகிறேன், இன்றைய மாத்திரையைப் போட்டுவிட்டார்.