விலங்கு நலம் என்றாலே சந்தேகம்: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அலங்காநல்லூர் பக்கம் எங்கள் ஊரில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஏற்பாடு செய்ய நாங்கள் சிலர் முயல்கிறோம். பேச்செடுத்ததுமே "நீங்கள் பீட்டா ஆட்களா?" என்கிறார்கள்.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த வழக்கில் விலங்குரிமை அமைப்பான பீட்டாவும் ஒரு தரப்பு. காளையைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டெல்லியில் வழக்காடினார்கள் என்பதுதான் இங்குள்ள மனக்குறை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களின் முழக்கங்களிலும் அதுவே ஒலித்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத்தை ஏற்ற பிறகும் கசப்பு ஆறவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பீட்டா நடத்தும் காப்பகத்துக்கு வரும் விலங்குகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாகக் கருணைக்கொலை செய்யப்பட்டதை அம்மாநில அரசின் கணக்கே காட்டுகிறது. அதையும் இளைஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

"பிடித்துப்போன நாய் திரும்பி வருமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும் என்று மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. அதைக் காகிதத்தில் காட்டினால் யார் நம்புவார்கள்?

கிராமத்தில் இதை நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஊராட்சி வழியாகப் போவது நல்லதா? கிராம சபையில் வரவு செலவை வாசித்தால் நம்பிக்கை வருமா? விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற, மதுரைப் பக்கம் இயங்கும் சிறிய அமைப்பு எதையாவது நேரில் பார்த்தவர்கள் அவசியம் எழுதுங்கள். மழைக்கு முன் தொடங்க விரும்புகிறோம்.