எமிர்ப்: ‘திருப்பு பகா எண்’ எனலாமா?

வணக்கம் ஐயா,

இலக்கங்களைத் திருப்பி எழுதினால் வேறொரு பகா எண்ணாகும் பகா எண்ணை ஆங்கிலத்தில் எமிர்ப் (emirp) என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘தலைகீழ்ப் பகா எண்’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தருமபுரியில் என் கணக்கு வகுப்பில் அதைச் சொன்னால், பிள்ளைகள் 13-க்கு 1/13 என்று எழுதிவிடுவார்கள். பாடநூலில் ‘தலைகீழி’ என்றால் அதுதான். ‘நேர்மாறு’, ‘மறுதலை’, ‘எதிர்’ எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘இரட்டை’யும் 11, 13 போன்ற ஜோடிகளுக்குப் போய்விட்டது.

ஆங்கிலத்தில் பிரைம் என்பதன் எழுத்துகளையே திருப்பி எமிர்ப் என்றார்கள். அதே வழியில் ‘பகா’வை ‘காப’ ஆக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பார்த்ததும் பொருள் புரியாத சொல்லை மாணவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

‘மாலைமாற்றுப் பகா எண்’ அருமையான சொல். அதை 101, 131, 151 போன்றவற்றுக்கு வைத்துக்கொள்வோம். சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான். எமிர்ப்பிலோ திருப்பினால் வேறொரு பகா எண் வரவேண்டும்: 13–31, 17–71, 37–73, 79–97, 107–701.

ஆகவே என் பரிந்துரை ‘திருப்பு பகா எண்’. ஊறுகாய் போல வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. ‘திருப்பிப் போட்டா என்ன வரும் சார்?’ என்றுதான் பிள்ளைகளும் கேட்பார்கள். எங்கள் ஊர் வண்டிகளில் இருக்கும் டிஎன் 29-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 29 பகா எண். திருப்பினால் 92, போச்சு. முதல் இலக்கம் 1, 3, 7, 9 இவற்றில் ஒன்றாக இருந்தால்தான் நடக்கும் என்று அங்கிருந்தே பிடித்துவிடலாம். ஜோடியில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் எப்போதும் 18-இன் மடங்கு வரும். எந்த எண்ணையும் அதன் திருப்பத்தையும் கழித்தால் 9-இன் மடங்குதான். இங்கே இரண்டும் ஒற்றைப்படை என்பதால் 2-ம் சேர்ந்துகொள்கிறது. இதைக் கரும்பலகையில் காட்டும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

வரையறையில் மட்டும் ஒன்றை விடக்கூடாது. இந்தக் குணம் எழுதும் முறையைப் பொறுத்தது. நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்தில் 11-ஐத் திருப்பினால் அதே 11. 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இரும முறையில் அது 1011. திருப்பினால் 1101, அதாவது 13! நம் பழைய தமிழ் எண்ணெழுத்தில் ௰ பத்து, ௩ மூன்று; பதின்மூன்று ௰௩. திருப்பினால் ௩௰, முப்பது ஆகிவிடும்.

அப்போ வரையறையை இப்படி வைக்கலாமா: ‘பத்தடிமான முறையில் இலக்கங்களைத் திருப்பி எழுதும்போது வேறொரு பகா எண்ணாகும் பகா எண், திருப்பு பகா எண்.’ மற்ற அடிமானங்களுக்கு அடிமானத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஜோடிக்குத் ‘திருப்பிணை’ சரிவருமா என்றும் சொல்லுங்கள்.